முதல் முறை தனியாக அக்சில் தள்ளிய நாள்: ட்ரக் ஓடப்போகும் மகளுக்கு

பிள்ளை,

நேற்று நீ அப்பாவின் ஃபோனுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. உன்னை வேலைக்கு எடுத்த கொம்பனியின் யார்ட், வெள்ளை ட்ரக், கதவடியில் நீ, கையில் அதை ஸ்ராட் பண்ணுகிற திறப்பு. மார்க்கம் நகரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருந்து கம்பியூட்டரில் கணக்குப் பார்த்த என் பிள்ளை பதினெட்டுச் சில்லு ட்ரக் ஓடப்போகிறது என்று தெருவில் போகிற சனத்தை மறித்துச் சொல்லவேண்டும் போல இருக்கிறது. சொல்லியும்விட்டேன். பிளாசாவில் மரக்கறிக் கடை அன்ரியிடம் சொன்னேன். அவ கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, பொம்பிளைப்பிள்ளை எல்லே!" என்றா. "நான் மட்டும் ஆர், ஆம்பிளையே?" என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவவும் சிரித்தா, கறிவேப்பிலை சும்மா தந்துவிட்டா.

போன ஞாயிறு சாப்பிடும்போது நீ ஒன்று கேட்டாய். "அம்மா, சீரியஸ்லி, முதல் தரம் தனிய அக்சில் தள்ளேக்க நீங்கள் பயந்தனீங்களோ?" நான் வாயைத் திறக்க முன்னம் ஆக்கள் வந்துவிட்டார்கள், கதை வேறெங்கோ போய்விட்டது. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பேப்பரில் போடக் குடுக்கப்போகிறேன் என்றதும் அப்பா, "உது வீட்டுக் கதை, ஊருக்கு என்னத்துக்கு?" என்றார். ஊரும் வாசிக்கட்டும். மகள் ட்ரக் ஓடப்போகிறாள் என்று கேட்டவுடனே தலையில் கைவைக்கிற தாய்மார் ஸ்காபரோவில் கனபேர். அவர்களில் ஒருத்தி வாசித்துவிட்டுப் பிள்ளையைப் போக விட்டால் எனக்கு அதுவே காணும்.

நான் ட்ரக்குக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. கார் சீற்றுக்கு உறை தைக்கிற ஃபக்டரியில் வேலை செய்தேன், அது உனக்குத் தெரியும். 2008 இல் எல்லா இடமும் தொழில்கள் சரிந்தபோது அதையும் மூடினார்கள். வேறு தொழில் படிக்கச் சொல்லி அனுப்பின இடத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் பார்க்காததுமாக, "முதியோரைப் பார்க்கிற கோர்ஸ் உங்களுக்குப் பொருத்தம்" என்றாள். எங்கள் பெண்களைக் கண்டால் அதுதான் அவர்களுக்கு நினைவு வரும் போல. அவளுக்குப் பின்னால் சுவரில் பெரிய படம்: மலைகளுக்கு நடுவே நீளமான ரோட்டில் ஒரு சிவப்பு ட்ரக். என் வாய் என்னைக் கேட்காமல், "அது படிக்கலாமோ?" என்றது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா குடித்த தேத்தண்ணி மூக்கால் வரச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிற்பாட்டினார். "உண்மையாத்தான் சொல்லுறியோ?" என்றார். "ஓம்" என்றேன். அவர் ரெஸ்ரோரன்ற் குசினியில் பின்னேர வேலையைக் காலை வேலையாக மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு நீ வரும்போது வீட்டில் நிற்கத் தொடங்கினார். நீ எட்டு வயதுக்காரி. வகுப்பில் "என் அம்மா ட்ரக் ட்ரைவர்" என்று எழுத, ரீச்சர் கற்பனைக் கட்டுரை நல்லாயிருக்கு என்று நட்சத்திரம் ஒட்டிவிட்டா. நீ அழுதுகொண்டு வந்தாய்.

அக்சில் தள்ளுவது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும், கொஞ்சம் பொறு. நீ பிறக்க முன்னம், கனடா வந்த புதிதில், நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஒரு பழைய சோபாவை வாங்கிக்கொண்டு வந்த அன்று லிஃப்ட் பழுது. அப்பா முன்னுக்கு, நான் பின்னுக்கு, படிக்கட்டால் தூக்கிக்கொண்டு ஏறினோம். என் கை கரையில் இருந்தபோது அப்பா, "ஐயோ, பாரம் முழுக்க என்னிலை!" என்று கத்தினார். நான் கையைக் கொஞ்சம் நடுப்பக்கம் நகர்த்தினேன். உடனே பாரம் என்னிடம் வந்தது, அவர் பாட்டுப் பாடத் தொடங்கினார். ட்ரெய்லரும் அந்தச் சோபாதான். முன்பக்கத்தை ட்ரக் தூக்குகிறது, பின்பக்கத்தை ட்ரெய்லரின் சில்லுகள் தூக்குகின்றன. அந்தச் சில்லுகளும் அவற்றின் அக்சில்களும் ஒரு சட்டத்தில் பூட்டியிருக்கும், சட்டம் ட்ரெய்லருக்குக் கீழே முன்னும் பின்னும் நகரும். பின்னால் தள்ளினால் ட்ரக்குக்குப் பாரம் கூடும், முன்னால் இழுத்தால் ட்ரெய்லர் சில்லுகளுக்குக் கூடும். ஒரு அக்சிலில் அரசாங்கம் விட்டதைவிடப் பாரம் கூடினால் ரோட்டோரத் தராசடியில் மறிப்பார்கள். அதைவிட, பாரம் பிழையாக ஏறின ட்ரெய்லர் வளைவில் உன் சொல்லுக் கேட்காது.

இனி நான் முதல் தரம் தனியப் போன 2009 மே மாதத்துக்கு வருகிறேன்.

அங்கே ஊரில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. உன் சித்தி, என் ஒரே தங்கச்சி, மகனோடு வன்னிக்குள் இருந்தாள். சித்தப்பா நோயில் முன்னமே போய்விட்டார். தை மாதத்தோடு அவளின் ஃபோன் நின்றுபோனது. பிறகு ஒன்றும் இல்லை. யுத்தத்தை நிற்பாட்டச் சொல்லி எங்கள் சனம் எல்லாம் டவுன்ரவுனில் குளிரிலும் மழையிலும் ரோட்டோரம் நின்றது. நீயும் அப்பாவின் தோளில் இருந்து கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தாய். நான் பெரிய ட்ரக் ஓடுகிற ஏ.இசட். லைசன்ஸ் எடுத்து, இன்னொரு ட்ரைவரோடு கூடப்போய்ப் பழகுகிற காலமும் முடித்திருந்தேன். சரியாக அந்தக் கிழமைதான், கொம்பனியில் பாரம் பிரித்து அனுப்புகிற டிஸ்பாச்சில் இருந்து கோல் வந்தது. நாளைக்குத் தனியப் போகவேண்டும், நிலத்துக்குப் பதிக்கிற கல், எல்லைக்கு அப்பால் ஒஹாயோவுக்கு.

முடியாது என்று சொல்ல நினைத்தேன். மாடியில் குடியிருந்த அக்கா ஒருவர் கேட்டே விட்டார்: "உதுக்குள்ளை ட்ரக் ஓடப் போறியே? மனசு வருதே?" நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சோற்றைக் கிளறிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "ரிவிக்கு முன்னாலை இருந்தா அவள் வந்திடுவாளே? நீ போ. ஃபோனை மட்டும் சார்ஜிலை வைச்சிரு." இதை நீ எழுதி வைத்துக்கொள்ளலாம் பிள்ளை. உலகம் இடிந்து விழுகிற நாளில் கையில் ஒரு வேலை இருப்பது கொடுமை இல்லை. அது பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கம்பி.

வெளிக்கிட்டேன். அந்தக் காலையை எப்படிச் சொல்ல? 401 ஹைவேயில் ஏறி, கார்களின் கூரைகளைக் கீழே பார்த்துக்கொண்டு, முழு பாரத்தோடு, பக்கத்து சீற்றில் ஒருவரும் இல்லாமல்! நெஞ்சுக்குள் துக்கம் கல்லாக இருந்தது, அதுக்கு மேலே சந்தோஷம் துள்ளிக்கொண்டு இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கியர் ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஒரு பாலத்துக்கு மேலே நின்ற பிள்ளைகள் கையை மடக்கி ஹோர்ன் அடிக்கச் சொல்லிக் காட்ட, அடித்தேன். ஒரு கிழவியைப் போல அழுதுகொண்டு, ஒரு சின்னப் பெட்டையைப் போலச் சிரித்துக்கொண்டு ஓடினேன்.

கனடாவில் இருக்கிற லண்டனுக்குக் கிட்ட ஒரு ட்ரக் ஸ்ரொப்பில், ட்ரக் நிறுக்கிற தராசில் ஏறினேன். எல்லை தாண்ட முன்னம் பாரம் பார்க்கவேண்டும் என்று டிஸ்பாச் சொல்லியிருந்தது. பார்த்தால் ட்ரெய்லர் அக்சில்களில் பாரம் கூட, ட்ரக்கில் இடம் இருக்கிறது. கல்லை ஏற்றினவர்கள் பின்பக்கம் தள்ளி அடுக்கிவிட்டார்கள். செய்யவேண்டியது எனக்குத் தெரியும். அக்சிலைப் பின்னால் தள்ளவேண்டும். ஒரு கரைக்கு எடுத்து, நேராக நிறுத்தி, ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டேன். சட்டத்தைப் பூட்டி வைத்திருக்கிறது நாலு தடித்த இரும்பு முளைகள், நாங்கள் பின்ஸ் என்போம். சில்லடியில் இருக்கும் நீளக் கைபிடியை இழுத்தால் நாலும் உள்ளே போகவேண்டும். பிறகு ட்ரக்கை மெல்ல முன்னுக்கு எடுத்தால், பிரேக் பிடித்த சில்லுகள் அப்படியே நிற்க, ட்ரெய்லர் அவற்றின் மேல் வழுக்கி முன்னே போகும். அக்சில் பின்னுக்குப் போனதாக ஆகிவிடும். எவ்வளவு வடிவான யோசனை! யார் முதலில் யோசித்தானோ, அவன் கையைப் பிடித்துக் கும்பிடவேண்டும்.

ஆனால் கைபிடி வரவில்லை. ஒரு காலைச் சில்லில் ஊன்றி, முழு உடம்பாலும் இழுத்தேன். அசையவில்லை. பின்ஸ் துளைக்குள் இறுகிவிட்டன. ட்ரக்கில் ஏறி ஒரு சாண் பின்னுக்கு ஆட்டினேன், இறங்கி இழுத்தேன். ஏறி முன்னுக்கு ஆட்டினேன், இறங்கி இழுத்தேன். இறுக்கம் விடுகிற அந்த ஒரு கணத்தில் கைபிடியில் ஆள் இருக்கவேண்டும், நானோ ஸ்ரியரிங்கில் இருக்கிறேன். பழகும்போது எப்போதும் இரண்டு பேர் இருந்தோம். தனியென்றால் இதுதான் தனி.

மூன்றாவது தரமோ நாலாவது தரமோ இறங்கியபோது ஃபோன் அடித்தது. அப்பா.  "முடிஞ்சுதாம்" என்றார். "எல்லாம் முடிஞ்சுதாம். இங்கை எல்லாரும் அழுகினம்."

"தங்கச்சி?"

"ஒண்டும் தெரியேல்லை. முகாமுகளுக்குச் சனத்தைக் கொண்டுபோகினமாம். பேர் வரேல்லை. நீ எங்கை நிக்கிறாய்? திரும்பி வாறியே?"

நான் சில்லடியில் சரளைக்கல்லில் குந்திவிட்டேன். தங்கச்சியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "பொறுங்கோ, எடுக்கிறன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்த, பக்கத்து ட்ரக் ட்ரைவர் கையில் கோப்பிக் கப்போடு நிற்கிறார். என் வயதிருக்கும். பஞ்சாப்காரர் என்று நினைத்தேன். அவர் தமிழில், "அக்கா, ஏதும் பிரச்சினையா?" என்றார். அந்தத் தமிழில் ஒரு வளைவு இருந்தது, எனக்கு உடனே விளங்கியது.

"நீங்கள் சிங்களமோ?"

"ஓம். நீர்கொழும்பு. தமிழ் கொஞ்சம் தெரியும்."

"எனக்கு ஒண்டும் தேவையில்லை. போங்கோ."

அப்படித்தான் சொன்னேன், பிள்ளை. முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அந்த நிமிடத்தில் எனக்கு அதைவிட வேறு சொல் வந்திருக்காது, அதுக்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அந்த மனிதன் போகவுமில்லை, கிட்ட வரவுமில்லை. கோப்பியை நிலத்தில் வைத்தார்.

"என் தம்பி ஆமியிலை" என்றார். "அங்கைதான் நின்றவன். மூன்று மாசமா அவனிட்டை இருந்து ஒரு கதையும் இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் எனக்கு ஃபோன் எடுத்துக் கேக்கிறா, நான் என்ன சொல்ல?"

  அவரின் தம்பி அங்கே துவக்கோடு, என் தங்கச்சி அங்கே பிள்ளையோடு. அவரின் தம்பி உயிரோடு இருக்கவேண்டும் என்று நினைக்க எனக்கு வரவில்லை, செத்துப்போகவேண்டும் என்று நினைக்கவும் வரவில்லை. காற்றில் டீசல் மணந்தது. 401 இல் ட்ரக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் கைபிடியைக் காட்டினார். "அது தனிய வராது, அக்கா. நீங்கள் ஆட்டுங்கோ, நான் இழுக்கிறன்."

இதில்தான் உன் கேள்விக்குப் பதில். அப்போதுதான் பயந்தேன். அக்சிலுக்கு அல்ல. அவர் நிற்கப்போகும் இடம் சில்லடி. நான் ஒரு அடி பிழையாக எடுத்தால் அவருக்கு என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தமிழச்சி, அழுது கண் வீங்கினவள், இன்றைக்குத்தான் முதல் நாள் தனியாக ஓடுகிறவள், இந்த நாளில் இவரைப் போங்கோ என்று விரட்டினவள். அந்த ஆள், முதல் நாள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்துகொண்டே, குனிந்து கைபிடியைப் பிடித்தார்.

"சில்லுக்கு வெளியாலை நில்லுங்கோ" என்று கத்தினேன். "காலை உள்ளுக்கு வைக்காதேங்கோ!"

"ஹரி, ஹரி" என்றார், சிங்களத்தில் சரி, சரி என்று.

ஏறினேன். ட்ரெய்லர் பிரேக் போட்டிருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன், பிறகு மறுபடியும் பார்த்தேன். யன்னலை இறக்கி, பக்கக் கண்ணாடியில் தெரிந்த அவரின் நீலத் தொப்பியில் வைத்த கண் எடுக்காமல், கிளச்சை மயிரளவு விட்டேன். ட்ரக் பின்னுக்கு ஒரு மூச்சு நகர்ந்தது. ஒன்றுமில்லை. முன்னுக்கு. ஒன்றுமில்லை. திரும்பப் பின்னுக்கு. "டங்!" என்று ஒரு சத்தம், ட்ரெய்லர் முழுக்க அதிர்ந்தது. அவர் கைபிடியை விடாமல் பின்னால் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே, "வந்திட்டுது! அக்கா, வந்திட்டுது!" என்று கத்துகிறார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கைபிடியை வெளியே கொளுவிவிட்டு அவர் எழும்பித் தூரப் போய் நின்று கையைக் காட்ட, நான் மெல்ல மெல்ல முன்னுக்கு எடுத்தேன். இருபது தொன் கல்லைச் சுமந்த ட்ரெய்லர், எண்ணெய் பூசின மாதிரி அக்சிலுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு வருகிறது! அந்த உணர்ச்சி இருக்கிறதே பிள்ளை, உனக்கும் இனி வரும். மலையை ஒற்றைக் காலால் தள்ளின மாதிரி. நான் முன்னமே கணக்குப் பார்த்துச் சட்டத்தில் சோக்கட்டியால் போட்ட கோட்டுக்கு வந்ததும் "போதும்!" என்றார். நிறுத்தினேன். கைபிடியை உள்ளே விட்டார். நான் ட்ரக்கால் ஒரு இழுவை இழுக்க, பின்ஸ் துளைக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

"எல்லாம் சரி அக்கா, போங்கோ" என்றார். நான் போகவில்லை. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு இறங்கி, இரண்டு பக்கமும் குனிந்து நாலையும் பார்த்தேன். அவரிலே உள்ள சந்தேகத்தால் அல்ல. ஆர் சொன்னாலும், என்ன சத்தம் கேட்டாலும், நீயும் குனிந்து உன் கண்ணால் பார். ஒரு பின் முழுக்க வெளியே வராமல் விட்டால், நீ பிரேக் பிடிக்கிற நேரம் அக்சில் தன்பாட்டில் ஓடும். உன்னோடு ரோட்டில் வருகிறவர்கள் எல்லாரும் ஆரோ ஒருவரின் தங்கச்சி, தம்பி. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார். "நல்ல ட்ரைவர்" என்றார். நான் முதன்முதல் வாங்கின பாராட்டு அது. திரும்பத் தராசில் ஏறினேன், எல்லா அக்சிலும் சரி.

இறங்கி வந்து பார்க்க, அவரின் ட்ரக் ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெயர் கேட்கவில்லை. அவரின் தம்பி வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில நாட்களில் யோசிப்பேன், சில நாட்களில் யோசிக்கமாட்டேன். இதை ஒரு நல்ல பாடமாக்கி உனக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்படி ஒருவர் நின்றார், இழுத்தார், பின்ஸ் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அப்பாவுக்கு எடுத்தேன். "திரும்பேல்லை. போறன்" என்றேன். "சரி" என்றார், பிறகு, "சாப்பிட்டியோ?" என்றார். எல்லையைக் கடந்து, அடுத்த நாள் கல்லை இறக்கி, வெறும் ட்ரெய்லரோடு திரும்பி வந்தேன். பிறகு இன்னொரு பாரம், இன்னொன்று. ஒவ்வொரு கிழமையும் முகாம்களில் ஆரார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் விசாரித்தோம். ஒன்றும் வரவில்லை. நான் ஓடிக்கொண்டே இருந்தேன். மே போய், ஜூன் போனது.

கோடையில் ஒரு பகல். கிங்ஸ்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பாரம் இறக்கக் காத்துக்கொண்டு கபினுக்குள் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால் இரைச்சல், சனத்தின் சத்தம், பிறகு, "அக்கா?"

நான் பாணை விழுங்கவில்லை, துப்பவில்லை.

"அக்கா, நான்தான். அத்தான்தான் உன்ரை நம்பர் தந்தவர். நானும் என்ரை மோனும் இருக்கிறம். முகாமிலை. இப்பதான் கதைக்க விட்டிருக்கினம், பின்னாலை பெரிய வரிசை, கன நேரம் கதைக்கேலாது. நீ ஏன் பேசுறாயில்லை?"

"பேசுறன்" என்றேன். "பேசுறன், பேசுறன்."

"வீட்டிலையோ நிக்கிறாய்?"

"இல்லை, ட்ரக்குக்குள்ளை. லொறிக்குள்ளை."

அவளின் குரல் மாறியது. "லொறிக்குள்ளையோ? ஏன், ஆரேன் உன்னைக் கொண்டுபோகினமே?"

"விசரி, நான்தான் ஓடுறன்! நான் லொறி ட்ரைவர்!"

  மறுபக்கத்தில் ஒரு சிரிப்பு வந்தது, முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளை வெளியே நிற்கவைத்த அதே சிரிப்பு. ஃபோனை விலக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற பெண்களுக்குச் சொல்கிறாள்: "என்ரை அக்கா கனடாவிலை லொறி ஓடுறாவாம்! பெரிய லொறியாம்!" அங்கே ஆரோ நம்பவில்லை போல. "பொய்யாம் எண்டு சொல்லுகினம், அக்கா. ஹோர்னை அடி பாப்பம்."

ஃபோனை யன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு ஹோர்ன் கயிற்றை இழுத்தேன். வெயர்ஹவுஸ் முழுக்க அதிர்ந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். விடவில்லை, திரும்பவும் இழுத்தேன். ஃபோனைக் காதில் வைத்தால், அந்த முகாமுக்குள் ஒரு வரிசைப் பெண்கள் சேர்ந்து கூவிச் சிரிக்கிற சத்தம், அதற்குள் சித்தியின் சத்தம்: "இன்னொருக்கால், அக்கா! இன்னொருக்கால்!"

உன் அம்மா